பாதி டிரைவைக் காணோம்

“கொலைகாரர் இவர்தான்.”

மைக்கம்மா இதை வாயால் சொல்லவில்லை. மடியிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். பிறகு கையிலிருந்த மார்க்கர் பேனாவால் எதிர் நாற்காலியைக் காட்டினார். அதில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார்.

கொழுந்தன் சோபா நுனிக்கே வந்துவிட்டான். அண்ணியோடு சேர்ந்து துப்பறியக் கிளம்பிய இந்த மூன்று வருஷத்தில் காணாமல் போன நாய், காணாமல் போன மாப்பிள்ளை, காணாமல் போனதாகச் சொல்லிக்கொண்டு மொட்டை மாடியிலேயே படுத்திருந்த ஒரு மாமனார், இப்படித்தான் வந்து வாய்த்தன. கொலை என்று ஒன்று வருவது இதுதான் முதல் தடவை.

“பிணம் எங்கேங்க?” என்றான் ஆவலை அடக்க முடியாமல்.

மைக்கம்மா டீப்பாயைக் காட்டினார். நீலத் துணி உறைக்குள் சோப்புப் பெட்டி அளவில் ஏதோ கிடந்தது. உறையின் ஓர் ஓரத்தில் பிரஸ் பட்டன். இன்னோர் ஓரத்தில் சின்ன ஓட்டை. அது வழியாகக் கறுப்பு ஒயர் ஒன்று வால் மாதிரி நீண்டிருந்தது.

“எலியா?”

“எக்ஸ்டர்னல் டிரைவ்ங்க,” என்றார் கணவர் பரிதாபமாக. “கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எல்லாம் பத்திரமா நகல் எடுத்து வைக்கிற பெட்டி.”

‘பத்திரமா’ என்ற சொல் வந்தபோது மைக்கம்மாவின் புருவம் ஓர் அங்குலம் மேலே போனது.

“கொழுந்தனாரே, பிணம் கிடைச்ச சந்தோஷத்தை அப்புறம் கொண்டாடலாம்,” என்றார் அண்ணி. “சார், நீங்க முதல்லேருந்து சொல்லுங்க.”

அண்ணி பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். எரிந்த கடை, மூழ்கிய குடோன், திருடு போன லாரி என்று நேரில் போய்ப் பார்த்து, நிஜமா நாடகமா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தபோது உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. அவருடைய வீட்டுக்காரர் கப்பலில் இஞ்சின் பார்க்கிறவர், வருஷத்தில் ஒன்பது மாதம் கடல். “என் தம்பியைச் சேர்த்துக்கோ, சும்மாதான் இருக்கான்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். தம்பி சும்மா இருக்கவில்லை. உள்ளூர் மைதானங்களில் கால்பந்து வர்ணனை செய்துகொண்டிருந்தான். மைக் கெட்டுப் போனாலும் வர்ணனை நிற்காது, அப்படி ஒரு தொண்டை. ஆனால் நாற்பத்தைந்து வயதில் அதற்கு ‘சும்மா’ என்றுதான் வீட்டில் பெயர்.

மைக்கம்மாவின் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுவது அவர் தொழில். அலுவலகத்தில் எல்லோரும் ‘கட்டம் சார்’ என்பார்கள். அந்தப் பெயரின் இன்னொரு அர்த்தமும் தனக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது மாதிரிதான் அன்றைக்கு அவர் முகம் இருந்தது.

அவர் சொன்னது இது.

ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் அறிவிப்புச் செய்த குரல் மைக்கம்மாவுடையது. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அந்தக் குரல் சொன்னால், கோபப்பட வேண்டியவர்கள்கூட ‘சரி, பாவம், அந்த அம்மா என்ன பண்ணும்’ என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மைக்கம்மா ஒரு காரியம் செய்திருந்தார். ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை இரண்டு மாதம் உட்கார்ந்து தன் குரலில் பதிவு செய்தார். அதைக் கொடுத்தால், அவர் டைப் செய்வதை அவருடைய குரலிலேயே கம்ப்யூட்டர் பேசுகிற மாதிரி செய்து தருகிற இடம் ஒன்று இருக்கிறது. திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பலாம் என்று இருந்தார்கள். திரும்பி வந்த அன்றைக்கே அவருடைய லேப்டாப் கண்ணை மூடிவிட்டது.

“மெக்கானிக் வந்து உள்ளே இருந்த டிஸ்கையே மாத்திட்டார். பரவாயில்லை, அதான் டிரைவ்ல நகல் இருக்கேன்னு முந்தாநாள் மாட்டிப் பார்த்தோம்.” கட்டம் சார் கையை விரித்தார். “என்னுது எல்லாம் அப்படியே இருக்கு. அவளுது மட்டும் ஒண்ணும் இல்லை. காலி இடம்கூட இல்லைன்னுட்டார் மெக்கானிக்.”

“அது எப்படிங்க, ஒரே பெட்டியில உங்களுது இருக்கும், அவங்களுது இருக்காது?” என்றான் கொழுந்தன்.

“ஒரே மனையில ரெண்டு வீடு மாதிரிங்க. நடுவுல சுவர். நான் விண்டோஸ், அவ மேக். ரெண்டும் எழுதுற விதமே வேற. அதனால டிரைவை ரெண்டாப் பிரிச்சு, சின்ன வீடு எனக்கு, பெரிய வீடு அவளுக்குன்னு வச்சிருந்தோம். அவ மேக்ல மாட்டினா என் வீடு தெரியும். எட்டிப் பார்க்கலாம், ஆனா எதையும் மாத்த முடியாது. என் விண்டோஸ்ல மாட்டினா அவ வீடு இருக்கிறதே தெரியாது.”

“அதாவது, உங்க பக்கம் நடக்கிறது எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அவங்க பக்கம் நடக்கிறது உங்களுக்குத் தெரியாது.”

“ஆமாங்க.”

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“முப்பது. அப்பலேருந்து அப்படித்தான்.”

மைக்கம்மா பலகையைத் துடைத்துவிட்டு வேகமாக எழுதினார். எழுதும்போதும் அவருக்கு அறிவிப்பு நடைதான் வந்தது. “கவனிக்கவும். சென்ற மாதம் மூன்று முறை இவர் என் பக்கத்தில் இடம் கேட்டார். நான் மறுத்தேன். சுவரை இடித்துவிட்டார்.”

“ஏம்மா, கேட்டேன்தான்! பழைய பத்திரிகை எல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்க இடம் பத்தலைன்னு கேட்டேன். அதுக்காக உன் குரலை அழிப்பேனா?”

கொழுந்தன் வாய் வரை வந்த ஜோக்கை விழுங்கினான். மைக்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணிக்கட்டு மெல்ல ஏறி இறங்கியது.

அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒருவன் டிபன் கேரியரோடு வந்தான். நாற்பது வயசு இருக்கும். சட்டைப் பையில் கம்பெனிப் பட்டை. மைக்கம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கட்டம் சார் ‘மச்சான்’ என்று கூப்பிடுவதால் தெருவுக்கே அவன் மச்சான். ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவை நிலையத்தில் சூப்பர்வைசர்.

“அத்தான், நான் கிளம்புறேன். மத்தியான ஷிப்ட்.” அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பை மாட்டுவதில் மும்முரமாக இருந்தான். “ஒரு ஐநூறு ஜிபி டிரைவுக்குப் போய் வீட்டுல துப்பறியிறவங்க வரைக்கும் வரணுமா? பேசித் தீர்த்துக்கக் கூடாதா? ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே இருந்தா எனக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது.”

கதவு சாத்தியது.

அண்ணி பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொழுந்தனுக்கு அது தெரிந்த அறிகுறி. அண்ணிக்கு ஏதோ மாட்டிவிட்டால்தான் மிட்டாய் வரும்.

“சார், இந்த டிரைவ் மொத்தம் எவ்வளவு?”

“ரெண்டு டிபி. அதாவது ரெண்டாயிரம் ஜிபி. பெட்டி மேலயே போட்டிருக்கும்.”

“உறை போட்டது எப்ப?”

“வாங்கின அன்னிக்கே. அவதான் தைச்சா. நான் தூக்கிப் பார்க்கிறதே இல்லை, ஒயரை மாட்டுவேன், கழட்டுவேன்.”

“ரெண்டாயிரத்துல உங்க வீடு எவ்வளவு?”

“ஐநூறு.”

கொழுந்தனின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. “இப்ப போனவர் என்ன சொன்னார்?”

“மச்சானா?” கட்டம் சார் சிரித்தார். “அவனுக்கு டிவி ரிமோட்லயே ரெண்டு பட்டன்தான் தெரியும்.”

“உறைக்குள்ள இருக்கிற பெட்டியை வெளியில இருந்து பார்த்தா அளவு தெரியாது. வாய்வழியாக் கேட்டிருந்தா ரெண்டாயிரம்னு சொல்லியிருப்பார். ஐநூறுன்னு சொல்லணும்னா, யாரோட விண்டோஸ்லயாவது மாட்டித்தான் பார்த்திருக்கணும்,” என்றான் கொழுந்தன். தானே கண்டுபிடித்த பெருமையில் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. டிரைவைக் கையில் எடுத்துக் காதருகே வைத்து லேசாக ஆட்டினார்.

உள்ளே ஏதோ லொட லொட என்றது.

“அம்மா, உறையைத் தொளதொளன்னு தைச்சீங்களா?”

மைக்கம்மா பேனா முனை நசுங்க எழுதிக் காட்டினார். “என் தையலா? கையுறை போல இருக்கும்!”

அண்ணி பிரஸ் பட்டனைத் திறந்து உள்ளே ஒரு கண்ணை விட்டுப் பார்த்தார். மூடினார். டிரைவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். “வாங்க கொழுந்தனாரே, கொஞ்சம் துணி வெளுத்துட்டு வரலாம்.”

“என்ன பார்த்தீங்க அண்ணி?”

“டிரைவைப் பார்த்தேன்.”

இதுதான் கொழுந்தனுக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத ஒரே விஷயம்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். “வழக்கு முடிஞ்சது அண்ணி. மச்சான் டிரைவை எடுத்திருக்கார். தெரியாத்தனமா எதையோ அழுத்தி, அக்காவோட வீட்டை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டார். பயந்து போய் திரும்ப வச்சுட்டார். தொண்ணூறாவது நிமிஷத்துல சேம் சைடு கோல்.”

“தரைமட்டம் ஆகியிருந்தா தரை இருக்கணுமே.”

“என்ன?”

“மெக்கானிக் என்ன சொன்னார்? காலி இடம்கூட இல்லைன்னார். எரிஞ்ச கடைக்குப் போவேன்ல, முதலாளி ஆயிரம் சாக்கு எரிஞ்சு போச்சும்பார். நான் சாம்பலைத்தான் தேடுவேன். ஆயிரம் சாக்கு எரிஞ்சா அதுக்குத் தகுந்த சாம்பல் இருக்கணும்ல? ஒரு வீட்டை இடிச்சா காலி மனை கிடக்கும். ஆயிரத்து ஐநூறு ஜிபி மனை எங்கே போச்சு?”

கொழுந்தன் யோசித்தான். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியும் யோசித்தான். “பக்கத்து வீட்டுக்காரர் வளைச்சுப் போட்டுட்டாரா? கட்டம் சாரா?”

“அவர் வீடு அதே ஐநூறுதான்னு அவர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க.”

“அப்ப மனைக்கு றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?”

“கிட்ட வந்துட்டீங்க,” என்று அண்ணி எழுந்து பெல்லை இழுத்தார்.

சலவை நிலையத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. பேசினால் கேட்காது. ஒரு சுவர் நெடுகத் துவைக்கிற மிஷின்கள், ஒவ்வொன்றின் கண்ணாடிக் கதவும் லாரி டயர் அளவு. எதிர்ப்பக்கம் இஸ்திரி உருளை. ஈரமாக ஒரு முனையில் நுழைகிற படுக்கை விரிப்பு, மறுமுனையில் அப்பளம் மாதிரி விறைத்து வெளியே வர, இரண்டு பெண்கள் அதைப் பிடித்து நாலு மடிப்பில் அடக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் கை ஜாடையில்தான் பேசினார்கள். மைக்கம்மாவுக்கு இங்கே வேலை போட்டுக் கொடுத்தால் ஒரே நாளில் மேனேஜர் ஆகிவிடுவார் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது.

மச்சான் இவர்களைப் பார்த்ததும் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்தான். தலையணை உறை மலைக்கு மேலே அவன் வழுக்கை மட்டும் தெரிந்தது.

“ஒளிஞ்சு விளையாடுறதுன்னா தொப்பி போட்டுக்கங்க,” என்று கொழுந்தன் கத்தினான். “வெளிச்சம் அடிக்குது!”

கண்ணாடி அடைத்த சின்ன ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியானது. மேஜை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அண்ணி கைப்பையிலிருந்து நீல உறையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. மச்சான் அரை நிமிஷம் தாக்குப் பிடித்தான்.

“எடுத்தேன் மேடம். நான்தான் எடுத்தேன். ஆனா நான் எதையும் அழிக்கலை! சத்தியமா!”

“எதுக்கு எடுத்தீங்க?”

“போன வெள்ளிக்கிழமை, அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. வீட்டுக்கு வந்தா பேச முடியாது, பொழுது எப்படிப் போகும்? இங்கே ஒருத்தர்கிட்ட அக்காவுக்குப் பிடிச்ச பழைய சீரியல் முழுக்க இருந்துச்சு, முந்நூறு எபிசோடு. சரி, வாங்கிப் போட்டு வச்சா பார்ப்பாங்களேன்னு டிரைவைக் கொண்டு வந்து இதுல மாட்டினேன்.” அவன் கம்ப்யூட்டரைக் காட்டினான். “ஐநூறு ஜிபின்னு காட்டுச்சு. இடமும் இருந்துச்சு. காப்பி ஓடிட்டு இருந்தப்ப ஈரத் துணி வண்டி ஒண்ணு உள்ளே வந்து ஒயரை இழுத்துட்டுப் போயிடுச்சு.”

“டிரைவ்?”

“பறந்துச்சு மேடம்.”

“றெக்கை முளைச்சு,” என்றான் கொழுந்தன்.

“ஒயர் சொருகுற இடம் ஆடிப் போச்சு. விரலால ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் வேலை செய்யுது. விட்டா செத்துடுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. உடனே போய்…” மச்சான் நிறுத்தினான்.

“உடனே போய் அதே மாதிரி இன்னொண்ணு வாங்கினீங்க. ஐநூறு ஜிபி,” என்று அண்ணி முடித்தார். “பழசுல இருந்ததை எல்லாம் புதுசுல ஏத்தி, உறையைக் கழட்டி இதுக்கு மாட்டி, சத்தம் இல்லாம அலமாரியில வச்சுட்டீங்க. புதுசு கொஞ்சம் ஒல்லி. அதான் உறைக்குள்ள ஆடுது.”

அவர் பிரஸ் பட்டனைத் திறந்து கவிழ்த்தார். டிரைவ் மேஜையில் விழுந்தது. அதன் முதுகில் பளிச்சென்று ‘500 GB’ என்று போட்டிருந்தது.

கொழுந்தன் அந்த எழுத்தையே பார்த்தான். இரண்டு நாளாக ஒரு குடும்பமே சண்டை போட்டது, ஒரு மனிதர் கொலைகாரர் ஆனது, எல்லாம் எந்தப் பெட்டிக்காகவோ அந்தப் பெட்டியே இது இல்லை. மைக்கம்மாவின் வீட்டை யாரும் இடிக்கவில்லை. அந்த வீடு இந்த மனையில் கட்டப்படவே இல்லை.

“அண்ணி, அங்கேயே இதைப் பார்த்துட்டு, பஸ்ல என்னைப் புலம்ப விட்டீங்களா?”

“பொழுது போச்சுல்ல.”

மச்சானுக்கு இன்னும் புரியவில்லை. “ஆனா மேடம், ஒண்ணு விடாம ஏத்தினேனே! மத்தியானம் பன்னிரண்டு மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும் விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சு, அத்தானோட எட்டு வருஷக் கட்டத்தையும் ஏத்தினேன். ஒரு கட்டம் குறையலை. அக்காவுது காணோம்னதும், அப்ப அத்தான்தான் ஏதோ பண்ணியிருக்கார்னுதான் நானும் நினைச்சேன். எப்படிக் கேட்கிறதுன்னு தெரியாமத்தான் ரெண்டு நாளா…”

“உங்க கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஏத்தினீங்க,” என்றார் அண்ணி. அவர் குரல் தணிந்திருந்தது. “இது விண்டோஸ். உங்க அக்கா பக்கம் இருக்கிறதே இதுக்குத் தெரியாது. ஆயிரத்து அறுநூறு வாக்கியமும் அந்தப் பழைய டிரைவ்லதான் இருக்கு. உலகத்துல வேற எங்கேயும் இல்லை.”

மச்சான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

“பழசு எங்கே?” என்றான் கொழுந்தன். “குப்பையிலன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“குப்பையில போட மனசு வருமா? அக்கா கையால உறை தைச்ச சாமான். வீட்டுல வச்சா மாட்டிக்குவேன். அதான் நம்ம பெட்டியில போட்டு வச்சேன்.”

“எந்தப் பெட்டி?”

“ஹோட்டல் துணியோட வர்ற சாமான் பெட்டி. தலையணை உறைக்குள்ள கண்ணாடி வரும், பேனா வரும், பல்செட்கூட வரும். எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வாரத்துல ஒரு நாள் ஹோட்டலுக்கே…” மச்சான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மணி ஐந்து நிமிஷம். “வியாழக்கிழமை! மூணு மணி வேன்!”

மூவரும் ஓடினார்கள். கொழுந்தனுக்கு ஓடிப் பழக்கமில்லை. ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசித்தான் பழக்கம். தள்ளுவண்டிகளுக்கு இடையில் புகுந்து, தொங்குகிற துவாலைகளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீராவிக்குள் நுழைந்து வெளியே வந்து, பின்பக்கத்துச் சரக்கேற்றும் மேடையை அடைந்தபோது, மேடை காலி. வெள்ளை வேன் முற்றத்தைத் தாண்டி கேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க!” என்று மச்சான் கத்தினான். மிஷின் சத்தத்தில் அது பக்கத்தில் நின்ற அண்ணிக்கே கேட்கவில்லை. கேட் காவலாளி கதவைத் திறந்தார்.

கொழுந்தன் அங்கிருந்த மூட்டை மேல் ஏறினான். இரண்டு கையையும் வாய்க்கு இருபுறமும் குவித்தான். தொண்டையைத் திறந்தான்.

“பந்து இப்போது வேனிடம்! வேன் முன்னேறுகிறது! எதிரே ஒரே ஒரு ஆள், கேட்டில் நிற்கிறார், தடுப்பாரா? தடுக்க மாட்டாரா? யோவ், தடுய்யா! கோல் விழப் போகுது!”

இருபது வருஷம் மைக் இல்லாமல் ஒரு மைதானத்தையே நிரப்பிய குரல். இஸ்திரி உருளை அருகே இருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கேட் காவலாளி அவரையும் அறியாமல் கையை அகல விரித்துக் கோல் கீப்பர் மாதிரி நின்றுவிட்டார். பிரேக் கிறீச்சிட்டது.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “யாருங்க அது? நம்ம மைதானத்து ஆளா? எங்கே மேட்ச்?”

“உங்க வண்டியில!” என்றான் கொழுந்தன், மூச்சு வாங்க.

பெட்டியை இறக்கிக் கொட்டினார்கள். பதினொரு மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் சாக்ஸ் ஒரு மூட்டை, சாவிக்கொத்துகள், ஒரு பல்செட். அந்தப் பல்செட் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, உறை இல்லாமல், மூலை நசுங்கி, அந்த டிரைவ். முதுகில் ‘2 TB’.

மச்சான் அதை எடுத்துச் சட்டை முனையால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அண்ணி அவன் கையிலிருந்து அதை மெல்ல வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாலரை மணிக்கு மூவரும் வீட்டுக் கூடத்தில் நின்றார்கள். அண்ணி இரண்டு டிரைவ்களையும் டீப்பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை நாலே வரியில் சொன்னார். மச்சான் சுவரைப் பார்த்து நின்றான்.

மைக்கம்மா பலகையைத் துடைத்து, நிதானமாக எழுதி, கணவர் பக்கம் திருப்பினார்.

“தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

கட்டம் சார் அதை இரண்டு தடவை படித்தார். “அறிவிப்பு ரெண்டு நாள் தாமதம்,” என்றார்.

“முதல்ல உள்ளே ஏதாவது உயிரோட இருக்கான்னு பாருங்க,” என்றான் கொழுந்தன். பறந்து விழுந்த பெட்டி. சின்ன வீடு பிழைத்தது என்பதற்காகப் பெரிய வீடும் பிழைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒயரைச் சொருகினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் பேசாமல் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்து, பழகிய விரலால் ஒயரின் முனையை ஒரு பக்கமாக அழுத்தினான். டிரைவில் சின்ன விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. மைக்கம்மா பலகையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்: “விரல் அசைந்தால், விரல் இருக்காது.”

“அசையாதுக்கா.”

லேப்டாப் திரையில் முதலில் கட்டம் சாரின் வீடு வந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். கொழுந்தன் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். பதினேழு எண்ணியபோது அதன் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. மைக்கம்மா திறந்தார். வரிசை வரிசையாக எண்கள் இறங்கின. கட்டம் சார் குனிந்து கடைசி எண்ணைப் படித்தார்.

“ஆயிரத்து அறுநூறு.”

யாரும் கை தட்டவில்லை. மச்சானின் தோள் மட்டும் குலுங்கியது. விரல் அசையவில்லை.

நகல் எடுப்பதை ஓட விட்டுவிட்டு, மைக்கம்மா நடுவில் ஏதோ ஓர் எண்ணை அழுத்தினார். அறைக்குள் அந்தக் குரல் வந்தது. “மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறுகிறார்கள்.” பிறகு இன்னொன்று. “நாளைக்கு மழை வந்தால் நாம் போக வேண்டாம்.” எத்தனையோ தடவை பிளாட்பாரத்தில் நின்று கேட்ட குரல்தான். ஆனால் இங்கே, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்பது வேறாக இருந்தது. கொழுந்தன் தன் தொண்டையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மைக்கம்மா எண்ணூற்று முப்பத்திரண்டை அழுத்தினார்.

“இந்தத் தெருவின் முடிவில் ஒரு…” என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. பின்னணியில் டிங் டிங் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி அறிவிப்பு நடை எல்லாம் காற்றில் பறக்க, அதே குரல் வெடித்தது. “ஏங்க! அந்த ஸ்பூனை டம்ளர்ல போட்டு ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பதிவு ஓடிட்டு இருக்குன்னு தெரியுதுல்ல? ஆயிரத்து அறுநூறு வாக்கியத்துலயும் உங்க ஸ்பூன்தான் கேட்கப் போகுது! வச்சுத் தொலைங்களேன் கொஞ்சம்!”

பதிவு முடிந்தது.

மைக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சத்தம் இல்லாத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “தவறான பதிவு. அழிக்கவும்” என்று பலகையில் எழுதப் போனார். கட்டம் சார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னொரு தடவை போடும்மா.”

போட்டார். ஏங்க, ஸ்பூன், வச்சுத் தொலைங்களேன்.

“இன்னொரு தடவை.”

“அத்தான், எனக்கு விரல் மரத்துப் போச்சு,” என்றான் மச்சான் தரையிலிருந்து. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது தடவை அந்தக் குரல் திட்டி முடித்ததும், கட்டம் சார் லேப்டாப்பை நோக்கி லேசாகக் குனிந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரிம்மா,” என்றார். “ஆட்டலை.”